கேமிங் பிசி அசெம்பிள் செய்யப் போகிறீர்களா? திரையில் இருந்து தொடங்குங்கள்

"ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் கேபினட். முழு கேமிங் பிசி, மானிட்டரோடு சேர்த்து மலிவு விலையில்!" இப்படி ஒரு விளம்பரம் உங்கள் போனில் இதுவரை வரவில்லை என்றால்தான் ஆச்சரியம். அதில் இருக்கும் எதுவும் பொய் இல்லை, சிக்கலே அதுதான். அந்த ஐ7 பெரும்பாலும் ஐ7-2600 ஆகவோ ஐ7-3770 ஆகவோ இருக்கும். முன்னது 2011-ல் வந்தது, பின்னது 2012-ல். ஏதோ ஓர் ஆபீசில் பல வருடம் உழைத்த கம்ப்யூட்டரில் இருந்து கழற்றியிருப்பார்கள். மதர்போர்டு அதே காலத்து எச்61 சிப்செட் (போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்) கொண்டது. அந்த "4 ஜிபி கார்டு" அநேகமாக ஜிடி 730. 2014-ல் வந்தபோதே அது பெரிய கேம்களுக்கான கார்டு கிடையாது. போதாததற்கு, விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலில் இந்தப் பழைய ப்ராசஸர்களுக்கு இடமில்லை.

ஆகவே கடைக்காரர் "ஐ7 சார்" என்றால் "எந்த ஐ7?" என்று கேளுங்கள். "8 ஜிபி கார்டு" என்றால் "எந்த மாடல்?" என்று கேளுங்கள். முழு மாடல் எண் தெரியாமல் எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்கக் கூடாது. அந்த எண்ணை எப்படிப் படிப்பது, எந்தப் பாகத்தை முதலில் முடிவு செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

விலைகளை எழுதவில்லை. டாலர் ஏறினாலும் ரேம் தட்டுப்பாடு வந்தாலும் அந்த வாரமே கொட்டேஷன் மாறிவிடும். அதற்குப் பதில் ஒரு பங்குக் கணக்கு: மானிட்டர், கீபோர்டு, மவுஸை ஒதுக்கிவிட்டு மீதிப் பணத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், கிராபிக்ஸ் கார்டுக்கு 35 முதல் 45 வரை போகலாம். ப்ராசஸருக்கு 15 முதல் 20. மற்ற எல்லாம் சேர்ந்து மிச்சம். கலர் லைட்டுக்கும் கண்ணாடி கேபினட்டுக்கும் கார்டைவிட அதிகம் போகிறது என்றால் கணக்கு எங்கோ இடறிவிட்டது.

முதலில் திரை

பலர் ப்ராசஸரில் தொடங்குகிறார்கள். நான் மானிட்டரில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் கிராபிக்ஸ் கார்டின் வேலைப்பளுவைத் தீர்மானிப்பது அதுதான். 1080பி திரையில் (1920 × 1080) சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் (2560 × 1440) சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் சுமார் 82.9 லட்சம். ஒரு நொடியில் 60 தடவையோ 144 தடவையோ இத்தனை புள்ளிகளையும் கார்டு வரைந்து தள்ள வேண்டும். 1080பி-யில் சுகமாக ஓடும் கார்டு 4கே-யில் மூச்சு வாங்குவது இதனால்தான்.

24 அங்குலத்துக்கு 1080பி போதும். 27 அங்குலம் வாங்கினால் 1440பி எடுங்கள். 27-ல் 1080பி போட்டால் எழுத்துகளின் ஓரம் பிசிறடிப்பது நன்றாகவே தெரியும். திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரைப் புதிதாக வாங்காதீர்கள். 144, 165, 180 ஹெர்ட்ஸ் எல்லாம் இப்போது சாதாரண விலைக்கு வந்துவிட்டன, நல்ல நிறம் காட்டும் ஐபிஎஸ் பேனலிலேயே கிடைக்கின்றன. 4கே-யை முதல் பிசிக்கு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணம் கார்டுக்குப் போகட்டும்.

அடுத்து, என்ன விளையாடப் போகிறீர்கள்? வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் கார்டை அதிகம் வருத்தாது. அவற்றில் நொடிக்கு 200, 300 ஃபிரேம் (கார்டு வரையும் ஒவ்வொரு முழுப் படம்) வேண்டும் என்பவருக்கு நல்ல ப்ராசஸரும் வேகமான மானிட்டரும்தான் முக்கியம். சைபர்பங்க் 2077 மாதிரி பெரிய கதை விளையாட்டு என்றால் கார்டுதான் எல்லாம். இரண்டும் ஆடுவேன் என்பவர்கள்தான் அதிகம். அவர்கள் கதை விளையாட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டால் மற்றது தானாக ஓடும்.

கிராபிக்ஸ் கார்டு

நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய பாகம் இதுதான். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என மூன்று நிறுவனங்கள் சிப் செய்கின்றன. அந்தச் சிப்பை வாங்கி, ஃபேனும் ஹீட்சிங்க்கும் பூட்டி, அசூஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், சோடாக், சஃபயர் போன்றவர்கள் கார்டாக விற்கிறார்கள். ஒரே சிப் உள்ள இரண்டு கார்டுகளுக்கு இடையே வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. சூடு, சத்தம், வாரண்டி இவற்றில்தான் வித்தியாசம். மூன்று ஃபேன் வைத்த விலையுயர்ந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060-க்கும் சாதாரண 5060 டிஐ-க்கும் விலை நெருங்கி வந்தால் யோசிக்காமல் 5060 டிஐ பக்கம் போங்கள்.

பெயரைப் படிக்கும் முறை எளிது. ஆர்டிஎக்ஸ் 5060 என்பதில் 50 தலைமுறை, 60 அந்தத் தலைமுறையில் அதன் இடம். பின்னால் டிஐ வந்தால் ஒரு படி மேல். ஏஎம்டியில் அதே வேலையை எக்ஸ்டி என்ற ஒட்டு செய்கிறது. ஆனால் ஒரே பெயரில் இரண்டு சரக்கு வரும் வழக்கம் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050-ல் 8 ஜிபியும் உண்டு, 2024-ல் வந்த 6 ஜிபியும் உண்டு. இரண்டாவதில் நினைவகம் மட்டும் குறையவில்லை, சிப்பும் வெட்டப்பட்டது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 2025-ல் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வடிவங்களில் வந்தன. டப்பாவில் அந்த எண்ணைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் அது 8 ஜிபியாகத்தான் இருக்கும்.

அந்த நினைவகம் எவ்வளவு வேண்டும்? 1080பி-யில் போட்டி விளையாட்டுகளுக்கு 8 ஜிபி போதும். புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (சுவர், தரை போன்றவற்றின் மேற்பரப்புப் படங்கள்) உயர் தரத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் சராசரி ஃபிரேம் எண் நன்றாகத் தெரிந்தாலும் திரை திக்கித் திக்கி ஓடும், சில கேம்களில் சுவரும் தரையும் மங்கலாகவே நிற்கும். நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 12 அல்லது 16 ஜிபி எடுங்கள். 12 ஜிபியோடு 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580-யும் இந்த வரிசையில் பார்க்கத் தக்கது. ஆனால் மெதுவான பழைய ப்ராசஸரோடு அதைச் சேர்த்தால் அதன் முழு வேகம் வராது. நினைவக எண் மட்டும் பெரிதாக இருந்தாலும் போதாது என்பதற்கு மேலே சொன்ன ஜிடி 730-யே சாட்சி. சிப்தான் முதலில், நினைவகம் அதற்கு அடுத்துதான்.

ரே ட்ரேசிங் என்று ஒன்று. ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கார்டே கணக்குப் போடுவது. சில வருடம் முன்பு வரை இது வேண்டுமானால் போட்டுக்கொள்ளும் ஆடம்பரம். இப்போது சில கேம்கள் அந்த வசதி இல்லாத கார்டில் தொடங்கவே தொடங்காது. 2025-ல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் அப்படிப்பட்டது. அதனால் ஜிடிஎக்ஸ் 1660 போன்ற பழைய கார்டைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்குவது இனி சரிவராது.

குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் தொழில்நுட்பமும் எல்லோரிடமும் இருக்கிறது. என்விடியாவுக்கு டிஎல்எஸ்எஸ், ஏஎம்டிக்கு எஃப்எஸ்ஆர், இன்டெலுக்கு எக்ஸ்இஎஸ்எஸ். நிஜமாகவே உதவும், பயன்படுத்துங்கள். ஆனால் விளம்பரத்தில் "இரண்டு மடங்கு ஃபிரேம்" என்று போடுவது பெரும்பாலும் இடையிடையே உருவாக்கிச் செருகிய ஃபிரேம்களையும் சேர்த்துத்தான். மவுஸை அசைத்ததும் திரை பதில் சொல்லும் வேகம் அதனால் கூடுவதில்லை. இரண்டு கார்டை ஒப்பிடும்போது அந்தச் செருகல் இல்லாத எண்ணைப் பாருங்கள்.

பழைய மதர்போர்டில் புதிய கார்டு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5060, 5060 டிஐ போன்ற கார்டுகள் 16 பாதைகள் உள்ள ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் 8 பாதைகளைத்தான் பயன்படுத்துகின்றன. கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ-யின் பழைய 3.0 பதிப்பு மட்டுமே உள்ள பி450 போர்டில் அவை வேகம் இழக்கும், அதிலும் 8 ஜிபி வடிவம் நிரம்பி வழியும்போது நன்றாகவே இழக்கும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு பற்றி ஒரு வார்த்தை. வாங்கலாம், ஆனால் உங்கள் கண் முன்னால் அரை மணி நேரமாவது ஒரு கனமான கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் கோடு, புள்ளி, திடீர் கருப்பு எதுவும் வரக் கூடாது. கார்டில் ஒட்டிய சீரியல் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள்.

ப்ராசஸர்

கேமுக்கு ஆறு கோர் (கணக்கிடும் அலகு), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் பணி) உள்ள நல்ல தலைமுறை ப்ராசஸர் இன்றைக்குப் போதும். ரைசன் 5 7600 அப்படி ஒன்று. இன்டெல் பக்கம் பழைய ஆனால் உழைக்கிற ஐ5-12400எஃப். ஐ9, ரைசன் 9 எல்லாம் வீடியோ எடிட்டிங், 3டி வேலை செய்கிறவர்களுக்கு. கேமுக்காக மட்டும் அவற்றை வாங்குவது வீண் செலவு.

கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெலிலும் ஏஎம்டியிலும் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. இன்டெலில் கே என்றால் ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யலாம், பல மாடல்களுக்குக் கூலர் தனியாக வாங்க வேண்டும். ஏஎம்டியில் ஜி என்றால் உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ்: கார்டுக்கு இப்போது காசில்லை, ஆறு மாதம் கழித்து வாங்குவேன் என்கிறவர்களுக்கு. எக்ஸ்3டி என்றால் கூடுதல் கேஷ் நினைவகம் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) அடுக்கப்பட்டது. ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் மட்டும் 96 எம்பி. நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம் துரத்துகிறவர்களுக்கு இதற்கு ஈடு குறைவு. நடுத்தர கார்டோடு 1440பி-யில் கதை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் கண்ணுக்கே தெரியாது.

ப்ராசஸரைவிட அது உட்காரும் சாக்கெட்டை யோசித்து எடுங்கள், ஏனென்றால் அடுத்த மேம்படுத்தல் அதைப் பொறுத்தது. ஏஎம்டியின் ஏஎம்5 2022-ல் வந்தது. 7000 தொடரும் 9000 தொடரும் அதிலேயே உட்காரும், 2027 வரையாவது ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 7600 போட்டு, நாளைக்கு மதர்போர்டை மாற்றாமல் ஒரு எக்ஸ்3டி போட்டுக்கொள்ளலாம். இன்டெலின் எல்ஜிஏ1700 12, 13, 14-ம் தலைமுறைகளோடு நின்றுவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 தொடருக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட். புதிதாகக் கட்டுகிறவருக்கு என் ஓட்டு ஏஎம்5-க்கு. பட்ஜெட் இடிக்கிறது, முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் மட்டும் பழைய ஏஎம்4-ல் ரைசன் 5 5600, அல்லது எல்ஜிஏ1700-ல் 12400எஃப்.

இன்டெல் 13, 14-ம் தலைமுறையின் பெரிய ப்ராசஸர்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா? அவற்றில் அதிக வோல்டேஜால் சிப் தேய்ந்து கேம்கள் பாதியில் மூடிக்கொள்ளும் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்ட்டில் இன்டெல் அதற்கு மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் விட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் வருவதற்கு முன்பே தேய்ந்த சிப்பைத் திருத்தம் காப்பாற்றாது. எப்போது வாங்கியது, பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி

மதர்போர்டில் அதிகம் மயங்க வேண்டாம். பி650 அல்லது பி850 சிப்செட்டில், ப்ராசஸரைச் சுற்றி ஹீட்சிங்க் வைத்த ஒரு மைக்ரோ ஏடிஎக்ஸ் (சிறிய அளவு) போர்டு போதும். எக்ஸ்870 வாங்கினால் கேம் வேகமாக ஓடாது. யுஎஸ்பி, எஸ்எஸ்டி இணைப்புகள்தான் கூடும். ஏ620 மலிவு, ஆனால் பின்னாளில் பெரிய ப்ராசஸர் போடுவதற்கு அதன் மின்சுற்று திணறலாம். உங்களுக்கு வைஃபை வேண்டுமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். பெயரில் வைஃபை என்று போட்ட போர்டுக்கும் போடாததற்கும் சிறிய வித்தியாசம்தான். 9000 தொடர் ப்ராசஸரைப் பழைய ஸ்டாக் பி650 போர்டில் வைத்தால் பயாஸ் புதுப்பிக்காமல் ஆன் ஆகாது. பென்டிரைவை வைத்து ப்ராசஸர் இல்லாமலே புதுப்பிக்கும் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாக இருந்தால் நிம்மதி, இல்லையென்றால் கடையிலேயே புதுப்பித்து வாங்குங்கள்.

ரேமில் ஒரே ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்: இரண்டு ஸ்டிக். 16 ஜிபி ஒன்றை வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டு மேல். 32 வேண்டுமானால் 16 இரண்டு. ஒற்றை ஸ்டிக் போட்டால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையே பாதி வழிதான் திறந்திருக்கும், ப்ராசஸரை நம்பி ஓடும் கேம்களில் அது அப்பட்டமாகத் தெரியும். நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸர் பக்கத்தில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். ரைசன் 7000, 9000-க்கு டிடிஆர்5-6000 வேகமும் சிஎல்30 தாமதமும் (எண் குறைந்தால் நல்லது) நல்ல பொருத்தம். சிஎல்36 மலிவாகக் கிடைத்தால் அதையும் எடுக்கலாம், உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடினம்.

ரேம் விலையைக் கேட்டதும் அதிர்ச்சி ஆனால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். 2025 பிற்பகுதியில் இருந்தே ஏஐ டேட்டா சென்டர்களுக்கு நினைவகச் சிப்கள் அள்ளிக்கொண்டு போகப்படுகின்றன. க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. டிடிஆர்4-ம் இந்த விலையேற்றத்தில் தப்பவில்லை. இப்போதைக்கு 16 ஜிபியில் தொடங்கி ஓட்டலாம், தப்பில்லை.

எஸ்எஸ்டி: பிசிஐஇ 4.0 என்விஎம்இ (மதர்போர்டிலேயே செருகும் வகை), 1 டிபி. முடிந்தது. ஒரே ஒரு பெரிய கேமே 100 ஜிபிக்கு மேல் விழுங்கும் காலத்தில் 500 ஜிபி சீக்கிரம் நிரம்பும். பிசிஐஇ 5.0-க்குக் கூடுதல் பணம் கொடுத்தால் கேமில் அதிகம் தெரியாது. உள்ளே இருக்கும் நினைவகச் சிப் டிஎல்சி வகையா க்யூஎல்சி வகையா என்று கேளுங்கள், ஒரே விலையென்றால் டிஎல்சி. பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் படம், பாட்டு வைக்கப் பயன்படட்டும். அதில் கேம் போடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்

பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி இது, நம் ஊரில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பாகம். கேபினட்டோடு "இலவசமாக" ஒரு எஸ்எம்பிஎஸ் வரும், 450 வாட் என்று எழுதியிருக்கும். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். ப்ராசஸரும் கார்டும் இழுப்பது 12 வோல்ட் வழியில். அந்த வழியில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 × 18 = 216 வாட்தான் நிஜம். நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 54 ஆம்பியர் போல இருக்கும், அதாவது 648 வாட். கேம் ஆடும்போது மட்டும் பிசி அணைந்து தானாக மறுபடி ஆன் ஆகிறது என்ற புகாரை ஆராயும்போது முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இது.

எவ்வளவு வாட் வேண்டும் என்று கணக்குப் போடுவது சுலபம். 5060 டிஐ-க்கு 180 வாட். ரைசன் 5 7600 உச்சத்தில் 88 வாட் வரை இழுக்கும். மதர்போர்டு, ரேம், ஃபேன், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் ஓர் 60 போடுங்கள். மொத்தம் 330-க்குள். கார்டு ஒரு கணம் சட்டென்று இரட்டிப்பாக இழுப்பதும் உண்டு, நாளைக்குப் பெரிய கார்டும் வரலாம் என்பதால் 550 அல்லது 650 வாட் எடுங்கள். 304 வாட் இழுக்கும் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி என்றால் 750.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்பவை. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமைக்கு பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் திறன் காட்ட வேண்டும். பாதுகாப்பாகச் செய்யப்பட்டதா என்பதை முத்திரை சொல்லாது. மலிவு கோல்டைவிடப் பெயர் பெற்ற பிரான்ஸ் மேல் என்று பல இடங்களில் இருக்கும். ஐந்து வருடமோ அதற்கு மேலோ வாரண்டி கொடுக்கிறார்களா, ஓவர் கரண்ட், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாடுலர் வகையில் கேபிள்களைக் கழற்றி மாட்டலாம். அதில் ஒரு பிராண்டின் கேபிளை இன்னொரு பிராண்டில் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும், செருகியதும் எஸ்எஸ்டியோ கார்டோ கருகிவிடும்.

இனி வீட்டு மின்சாரம். கேபினட்டின் இரும்பில் கை பட்டால் சுர்ரென்கிறதா? பிசி பழுது இல்லை, உங்கள் பிளக் பாயின்டில் எர்த் சரியில்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கசிவு எர்த் வழியாகப் போக வேண்டும், அது இல்லாவிட்டால் கேபினட்டில் வந்து நிற்கும். பிசி வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். சில பெரிய எஸ்எம்பிஎஸ்களோடு 16 ஆம்பியர் தடி பின் கேபிள் வரும். மேசை அருகே அந்தச் சாக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கரண்ட் அடிக்கடி போய்வரும் ஊர் என்றால் யுபிஎஸ் வேண்டும். பழைய 600 விஏ யுபிஎஸ் கொடுப்பது சுமார் 360 வாட். கேம் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்து அது தாங்காது. 1000 விஏ அல்லது அதற்கு மேல் எடுங்கள். வாங்குமுன் வாட் எண்ணைத் தனியாகக் கேளுங்கள், விஏ எண்ணில் ஏமாற வேண்டாம். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் மின்சாரத்தைச் சீராக இழுப்பதற்காக இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று, மலிவு யுபிஎஸ்களின் போலி சைன் அலையோடு சில நேரம் ஒத்துப்போகாது. பியூர் சைன் வேவ் வாங்க முடிந்தால் அந்தத் தொல்லை இல்லை.

கேபினட்டும் சூடும்

வெளிநாட்டு வீடியோக்களில் அறை 21 டிகிரி. நமக்கு மே மாதம் ஏசி இல்லாத அறையில் 35-ஐத் தாண்டும். அவர்கள் காட்டும் சூட்டோடு அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட் பார்க்க அழகு, காற்று நுழைய வழி இருக்காது. முன்னால் வலை உள்ளதை எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கவும் பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் இருந்தால் நடுத்தர பிசிக்குப் போதும். வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய டஸ்ட் ஃபில்டர் இருக்க வேண்டும். கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். தூசியோடு எறும்பும் குடிவந்துவிடும்.

7600-ன் டப்பாவிலேயே ஒரு கூலர் வரும், வேலை செய்யும், வெயிலில் சத்தம் போடும். நான்கு ஹீட்பைப் வைத்த ஒற்றை டவர் ஏர் கூலர் ஒன்று வாங்கினால் சத்தமும் சூடும் அடங்கும். ஆறு கோர் ப்ராசஸருக்கு லிக்விட் கூலர் தேவையில்லை.

இங்கே டேப் எடுங்கள். கார்டின் நீளம் எத்தனை மில்லிமீட்டர், கேபினட் எத்தனை தாங்கும்; கூலரின் உயரம் எத்தனை, கேபினட் எத்தனை விடும். பல டவர் கூலர்கள் 155 மில்லிமீட்டர், சில மலிவு கேபினட்டுகளில் அதற்கு இடம் இராது. ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244. இந்த எண்கள் எல்லாம் தயாரிப்பாளர் பக்கத்தில் இருக்கும். வாங்கிய பிறகு பக்கக் கதவு மூடவில்லை என்று திண்டாட வேண்டாம்.

கடையில்

எனக்கு இன்று ஒருவர் கேட்டால் இப்படிப் பட்டியல் போடுவேன்: ரைசன் 5 7600, பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ், 16 ஜிபி இரண்டு ஸ்டிக் டிடிஆர்5-6000 (பணம் இடித்தால் 8 இரண்டு), ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி அல்லது 5060 டிஐ 16 ஜிபி, 1 டிபி என்விஎம்இ, 650 வாட் நல்ல பிரான்ஸ், வலை வைத்த கேபினட், 27 அங்குல 1440பி மானிட்டர். 1080பி போதும் என்றால் கார்டை ஆர்டிஎக்ஸ் 5060-க்கோ பி580-க்கோ இறக்கிவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சென்னை என்றால் மவுண்ட் ரோடு ஓரத்து ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வார நாளில் காலையில் போங்கள். மூன்று கடைகளில் ஒரே மாடல் எண்களைக் கொடுத்து எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒரு கடை பளிச்சென்று குறைவாகச் சொன்னால் எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, ரேம் வரிகளைப் பாருங்கள். பிராண்ட் பெயர் இல்லாமல் "650 வாட்", "1 டிபி" என்று மட்டும் எழுதியிருக்கும். ஆன்லைன் விலையையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள், சில பாகங்கள் அங்கேயும் சில இங்கேயும் மலிவு.

"பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டியைக் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். 18 சதவீதம் மிச்சம் என்று ஆசையாக இருக்கும். வேண்டாம். கார்டுக்கு மூன்று வருடம், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து வருடம் என்று வாரண்டி கிடைக்கும் பொருள்கள் இவை. பில் இல்லாமல் சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்க முடியாது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். இந்திய வாரண்டி உள்ள சரக்கா என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து பயணப் பெட்டியில் வந்த சரக்கு மலிவு, பழுதானால் உங்கள் பாடு. ஆன்லைனில் வாங்கினால் பெட்டி திறப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

கடையிலேயே அசெம்பிள் செய்தால் சீல் உங்கள் முன்னால் உடைக்கப்படட்டும், காலி டப்பாக்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். சில கடைகள் வாரண்டிக்கு டப்பாவையும் கேட்கின்றன.

முதல் தடவை ஆன் செய்யும்போது

டிடிஆர்5 உள்ள ஏஎம்5 பிசியை முதலில் ஆன் செய்தால் ரேமைப் பழக்கிக்கொள்ள அது சில நிமிடங்கள் எடுக்கும். திரை கருப்பாகவே இருக்கும், ஃபேன் மட்டும் சுற்றும். பயந்து சுவிட்சை அணைக்காதீர்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் செருகிவிட்டு "இவ்வளவு கார்டு போட்டும் கேம் ஓடவில்லை" என்று புலம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயாஸுக்குள் போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் 6000 என்று வாங்கிய ரேம் 4800-ல் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ஹெர்ட்ஸை மாற்றுங்கள், பல நேரம் 60-லேயே நிற்கும். வாலரண்ட் ஆடுகிறவர்கள் விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் ஆன் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் கேம் உள்ளே விடாது.

டிரைவரைக் கார்டு நிறுவனத்தின் தளத்தில் இருந்தே எடுங்கள். முதல் வாரத்திலேயே உங்களிடம் இருப்பதில் மிகக் கனமான கேமை ஒரு மணி நேரம் ஓட்டி, ப்ராசஸர், கார்டு சூட்டைக் கவனியுங்கள். திரை ஒளிர்ந்து மங்குவது, தானாக அணைவது, நீலத் திரை எது வந்தாலும் அன்றைக்கே கடைக்குக் கொண்டு போங்கள். பெரும்பாலான கடைகள் நேரடியாக மாற்றித் தருவது முதல் சில நாட்கள் மட்டும்தான். அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டர், டோக்கன், வாரக்கணக்கில் காத்திருப்பு.